வானொலியில் வாழ்த்துச் சொல்வது எப்படி? மதுரை வட்டாரத்துப் புதிய நேயர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுப் பெரியவருக்கோ வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ வானொலி வழியாக வாழ்த்துச் சொல்ல விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிலையத்துக்கு எழுத வேண்டும் என்பதுதான். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாழ்த்தப்படுகிறவர் எந்த நிலையத்தை, எந்த நேரத்தில், எந்தப் பெட்டியில் கேட்கிறார்? இதற்கு விடை தெரியாமல் அனுப்பப்படும் வாழ்த்து ஊரெல்லாம் ஒலித்தாலும் உரியவர் காதில் விழாமலே போய்விடும். நாற்பது ஆண்டுகளாக நேயராக இருந்து, அஞ்சலட்டையில் தொடங்கி இப்போது வாட்ஸ்அப் வரை வந்திருக்கிற நான் செய்த தவறுகளில் பாதி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நேர்ந்தவை.

எனவே முதல் வேலையாக அந்த வீட்டில் இருக்கும் இன்னொருவரை, மருமகளையோ பேரனையோ, தொலைபேசியில் அழைத்து, வானொலிப் பெட்டியின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வயதானவர்கள் பலர் முள்ளை நகர்த்துவதே இல்லை; வாங்கிய நாளில் யாரோ வைத்துக் கொடுத்த இடத்திலேயே அது நின்றுகொண்டிருக்கும். மதுரை வானொலி நிலையம் மத்திய அலையில் (மீடியம் வேவ்) 1269 கிலோஹெர்ட்ஸிலும் பண்பலையில் 103.3 மெகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்பி வருகிறது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடை பண்பலையின் எண் 100.5. தனியார் நிலையங்களில் சூரியன் எஃப்எம் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ எஃப்எம் 106.4 ஆகியவை நகரத்து ஆட்டோக்களிலும் தையல் கடைகளிலும் ஓடிக்கொண்டிருப்பவை. அலைபேசியில் செயலி வழியாக மட்டும் கேட்கிறவர் என்றால், அரசு ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் அகில இந்திய வானொலி நிலையங்களைக் கேட்கலாம் என்பதை அவருக்குச் சொல்லி வையுங்கள்.

எண் தெரிந்துவிட்டால் போதாது. அங்கே அது தெளிவாக எடுக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. அதனால்தான் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் ஒலிபரப்பு சமவெளியில் வெகுதூரம் போய்ச் சேர்கிறது. அதே காரணத்தால்தான் சிறுமலையின் அல்லது நாகமலையின் மறைவில் இருக்கும் ஒரு தெருவில், பக்கத்து நகரத்து நிலையம்கூடக் கரகரக்கிறது. மத்திய அலைக்கு இந்த மறைவு அவ்வளவு பெரிய தடை இல்லை. ஆனால் அது எல்ஈடி பல்பு, டியூப்லைட் சோக், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றின் இரைச்சலை எளிதாக வாங்கிக்கொள்ளும். மத்திய அலைக்கான ஆண்டெனா பெட்டிக்குள்ளேயே ஒரு கம்பியாக இருப்பதால், பெட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தாலே ஒலி தெளிவதுண்டு. மேலே இழுத்துவிடும் ஏரியல் பண்பலைக்கானது. அலைபேசியில் பண்பலை வசதி இருந்தாலும், வயர் உள்ள இயர்போனைச் செருகாமல் அது பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனெனில் அந்த வயர்தான் அங்கே ஏரியல். இந்தச் சிறு விவரங்களை அந்த வீட்டுப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாழ்த்து வரும் நாளில் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது வேலை, அந்த நிலையத்தை நீங்களே இரண்டு வாரம் கேட்பது. வாழ்த்துக்கான நிகழ்ச்சிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலவற்றில் கடிதங்களை வைத்து முன்பே பதிவு செய்கிறார்கள். சிலவற்றில் நேயர் நேரலையில் பேசுகிறார். சிலவற்றில் வாட்ஸ்அப்பில் வரும் எழுத்தையோ குரல் பதிவையோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், தொகுப்பாளர் சொல்லும் முகவரி அல்லது எண், எத்தனை நாளுக்கு முன் அனுப்பச் சொல்கிறார்கள் என்ற ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரமும் எண்ணும் மாறிக்கொண்டே இருப்பவை. பழைய நேயர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அனுப்பிவிடாமல், ஒலிபரப்பில் உங்கள் காதால் கேட்டதையே நம்புங்கள். ஒரு வாழ்த்துக்கு அவர்கள் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் கடிகாரத்தைப் பார்த்துக் கவனியுங்கள். அடுத்துச் சொல்லப்போகும் வேலைக்கு அதுதான் அளவுகோல்.

வாசகம் எழுதுவது

பெரும்பாலான வாழ்த்துகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். தென் மாவட்டங்களில் என் வயதுக்காரர்களுக்கு வானொலி வாழ்த்து என்றாலே இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்துதான் நினைவுக்கு வரும். அப்பா, அம்மா, அம்மம்மா, அப்பப்பா, பெரியப்பா, சித்தி, மாமா, மாமி என்று உறவுகள் வரிசையாக வந்து வாழ்த்திவிட்டுப் போவதை, எந்த ஊர்க் குழந்தை என்றே தெரியாமல் நாங்கள் இங்கே மதுரைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் முப்பது பெயர்களை எழுதி அனுப்புகிறார்கள். இலங்கை வானொலியின் அந்த நிகழ்ச்சியே அதற்காக இருந்தது. இன்றைய நிகழ்ச்சியில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு பாடல்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி.

நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. நிதானமாக வாய்விட்டுப் படித்தால் இருபது விநாடிக்குள் முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். மூன்று வாக்கியம் போதும். யாருக்கு, எதற்காக என்பது முதல் வாக்கியம். அவரை மட்டுமே குறிக்கும் ஒரு செய்தி இரண்டாவது. யார் வாழ்த்துகிறார்கள் என்பது மூன்றாவது. இரண்டாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தம் அப்பத்தாவுக்காக முதலில் எழுதிக் காட்டிய வாசகம் இப்படித் தொடங்கியது:

"அகவை எழுபதில் அடியெடுத்து வைக்கும் எங்கள் குலவிளக்கே, குடும்பத்தின் ஆணிவேரே, பாசத்தின் பிறப்பிடமே, வாழ்த்த வயதில்லை வணங்குகிறோம்…"

மதுரையில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் பிளெக்ஸ் பேனர்களிலிருந்து கண்ணில் ஒட்டிக்கொண்ட மொழி இது. சுவரில் அதற்கு ஓர் இடம் இருக்கலாம். காதில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும், ஏனெனில் இந்த வரிகளில் அந்த அப்பத்தா எங்குமே இல்லை. இருவரும் உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம். பெயரை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்:

"வாடிப்பட்டியில் இருக்கும் பாண்டியம்மாள் அப்பத்தாவுக்கு இன்று எழுபது வயது நிறைகிறது. வெள்ளாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடாமல் இந்தப் பாட்டு முடியும் வரை உட்கார்ந்து கேளுங்கள் அப்பத்தா. வாழ்த்துகிறவர்கள் மதுரை ஆரப்பாளையத்திலிருந்து மகன், மருமகள், பேரன், பேத்திகள்."

அந்த வெள்ளாடு போதும். அறிவிப்பாளர் அந்த வரியைத் தாமாகவே ஒருமுறை சிரித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உறவுச் சொல்லில் கவனம் வேண்டும். வானொலிக்கு எழுதுகிறோம் என்றதும் எல்லோரையும் 'பாட்டி' ஆக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. வீட்டில் அப்பாவின் தாயை அப்பத்தா என்றும் அம்மாவின் தாயை அம்மாச்சி என்றும் கூப்பிடுகிறவர்கள் வானொலியிலும் அப்படியே கூப்பிட வேண்டும். தாத்தாவை 'அய்யா' என்று அழைக்கும் வீட்டில் அய்யாதான். அண்ணன் மனைவியை மதினி என்று சொல்லி வளர்ந்தவர் திடீரென்று 'அண்ணியார்' என்று எழுதினால், கேட்கிற மதினிக்கே அது தமக்கான வாழ்த்து என்று தோன்றாது. அறிவிப்பாளருக்கு அந்தச் சொல் புதிதாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். தெளிவாக எழுதியிருந்தால் படித்துவிடுவார்.

பெயரைத் தமிழில்தான் எழுத வேண்டும், வாட்ஸ்அப்பிலும்கூட. ஆங்கில எழுத்தில் அனுப்பப்படும் பெயரில் தரணியும் தாரணியும் ஒன்றாகிவிடும். வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடும். எங்கள் தெருவில் 'மாலா' ஒருவருக்கு அனுப்பிய வாழ்த்து 'மலா' என்று ஒலித்து, அந்த அம்மா ஒரு வாரம் வெளியே வரக் கூச்சப்பட்டார். முதலெழுத்தையும் விட்டுவிடுங்கள், 'கு.' என்பதை அறிவிப்பாளர் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் அரை நொடியில் ஓட்டம் கெட்டுவிடும். ஊர்ப்பெயருக்கு மட்டும் ஓர் ஒட்டுச் சேர்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது தபால்காரருக்குத்தான் வெளிச்சம். 'உசிலம்பட்டி பக்கம்', 'மேலூர் பக்கம்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் கேட்கிறவருக்கு ஐயம் வராது.

பிறந்தநாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முந்தைய தலைமுறையில் பலருடைய சான்றிதழில் இருக்கும் தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்தது. ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு வாழ்த்து அனுப்பினால், 'இன்றைக்கா எனக்குப் பிறந்தநாள்?' என்று அவரே கேட்பார். அந்த வீட்டில் நட்சத்திரப்படி கொண்டாடுகிறார்களா, தேதிப்படியா, கொண்டாடுவதே இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேதி உறுதியாகத் தெரியாத பெரியவருக்கு மணிவிழா, பேரன் பிறந்தது, கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்தது என்று வேறு நல்ல சாக்குகள் எத்தனையோ உண்டு.

பாடலைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் ரசனைக்கு இடமில்லை. அவர் வேலை செய்யும்போது தாமாக முணுமுணுப்பது எது என்று பாருங்கள். பாடலின் முதல் வரி, படத்தின் பெயர், பாடியவர் பெயர் மூன்றையும் எழுதி, நிலையத்தில் அது கிடைக்காவிட்டால் போடுவதற்கு இன்னும் இரண்டு பாடல்களையும் குறித்துக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் பாடலைக் கடைசிவரை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. துள்ளலான மெட்டில் தொடங்கி, இரண்டாவது சரணத்தில் பிரிவையும் சாவையும் பேசும் பாடல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. திருமண நாளுக்கு அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கிய தம்பதியை நான் அறிவேன்.

அனுப்பும் முறைகள்

அஞ்சலட்டை இன்னும் ஐம்பது காசுதான். போட்டிகளுக்கென்று பத்து ரூபாய்க்கு விற்கப்படும் அட்டை வேறு. வாழ்த்துக்கு அது தேவையில்லை, சாதாரண அட்டையே போதும். மதுரை நிலையத்துக்கு என்றால் அகில இந்திய வானொலி, லேடி டோக் கல்லூரிச் சாலை, மதுரை 625002 என்று எழுதி, மேலே நிகழ்ச்சியின் பெயரைத் தனி வரியில் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். நிகழ்ச்சியின் பெயர் இல்லாத அட்டை எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வாசகத்துக்கு முன்னால் ஒலிபரப்ப வேண்டிய தேதியையும் கிழமையையும் எழுதி அடிக்கோடிடுங்கள். ஓர் அட்டையில் ஒரு வாழ்த்து மட்டும் இருக்கட்டும். சிக்கனம் பார்த்து மூன்று பேருக்கு ஒரே அட்டையில் எழுதினால் முதல் தேதிக்காக எடுத்துக் கட்டிய கட்டோடு மற்ற இரண்டும் போய்விடும். கருப்பு அல்லது நீல மையில், வரிகளுக்கு இடையே இடம் விட்டு எழுதுங்கள், ஏனெனில் ஒலிப்பதிவு அறையில் இருப்பவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரடியாகவே படிக்கலாம். முன்பே ஒலிப்பதிவு செய்யும் நிகழ்ச்சிகளுக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே அட்டை போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது என் வழக்கம். அஞ்சல் பெட்டியில் போடுவதற்கு முன் இரு பக்கத்தையும் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது திருவிழாக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் விடியலிலும், பொங்கலை ஒட்டி அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கும் நாளிலும் வழக்கமான நிகழ்ச்சிக்கு இடமிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அந்த நாள்களில் பிறந்தவர்களுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுவது உத்தமம்.

வாட்ஸ்அப் என்றால், வாசகத்தைத் தட்டச்சு செய்து ஒரே செய்தியாக அனுப்புங்கள். வணக்கம் ஒன்று, பூப்படம் ஒன்று, பெயர் ஒன்று என்று ஐந்து துண்டாக அனுப்பினால் நடுவில் வேறு நேயர்களின் செய்திகள் புகுந்துவிடும். குரல் பதிவைக் கேட்கிறார்கள் என்றால் அதற்குச் சிறிது தயாரிப்பு வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, குக்கர் விசில் ஓயும்வரை காத்திருந்து, அலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். நான் நல்ல பதிவு எடுப்பது துணிகள் தொங்கும் அறையில். துணி எதிரொலியை விழுங்கிவிடும். எழுதியதைப் பார்த்துப் படிக்காமல், இரண்டு முறை சொல்லிப் பழகிவிட்டு, எதிரில் அவரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசினால் குரலில் உயிர் வரும். குழந்தையைப் பேச வைக்கலாம், ஆனால் பின்னாலிருந்து அம்மா எடுத்துக்கொடுப்பது பதிவில் கேட்கக்கூடாது.

நேரலையில் பேசுவதுதான் புதியவர்களுக்கு அச்சம் தருவது. இணைப்பு உடனே கிடைக்காது. எங்கேஜ்டு ஒலியைக் கேட்டுக்கேட்டு விரல் வலிக்கும். கிடைத்ததும் பேசுபவர் பெரும்பாலும் நிகழ்ச்சியின் உதவியாளர். பெயர், ஊர், யாருக்கு வாழ்த்து, என்ன பாடல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, உங்களைக் காத்திருக்கச் சொல்வார். அந்த நேரத்தில் வீட்டில் ஓடும் வானொலியை அணைத்துவிட வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் திருமண நாளுக்காக ஒரு நிலையத்தை அழைத்து, முக்கால் மணி நேரம் முயன்று இணைப்பு வாங்கினேன். அடுப்படியில் வானொலி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் "வணக்கம்" என்றதும் என் குரலே அங்கிருந்து கிளம்பி வந்து தொலைபேசிக்குள் நுழைந்து, ஒரு கூவலாக மாறிவிட்டது. "அண்ணே, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிட்டு வாங்கண்ணே" என்றார் தொகுப்பாளர். ஓடிப்போய்க் குறைத்துவிட்டு வந்து எடுத்தபோது, அவர் திருமங்கலத்திலிருந்து வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். என் தங்கைக்குக் கிடைத்த வாழ்த்து அந்த ஒரு கூவல்தான். இன்றுவரை அவள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதனால், அலைபேசிச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள், ஸ்பீக்கரில் போடாதீர்கள், வாசகம் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பாளர் நலம் விசாரிப்பார், சாப்பிட்டீர்களா என்பார், என்ன வேலை என்பார். சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, கிடைத்த முதல் இடைவெளியிலேயே வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். பேச்சு சுவையாகப் போகிறதே என்று ஒத்திப்போட்டால் பாட்டு வந்துவிடும்.

கட்டணம் கட்டி விளம்பரமாகவும் வாழ்த்து ஒலிபரப்பலாம். அதற்கு நிலையத்தின் விளம்பரப் பிரிவை நேரில் அணுகி, எத்தனை விநாடி, எத்தனை முறை, எந்த நேரம் என்பதை எழுத்தில் வாங்கி, ஜிஎஸ்டியோடு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். நேயர் நிகழ்ச்சியில் வாழ்த்துச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது அலைபேசியில் பணம் கேட்டாலோ, பரிசு விழுந்திருக்கிறது என்று ஓடிபி கேட்டாலோ, இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எதைச் சொல்லக்கூடாது

வாழ்த்தில் தொலைபேசி எண், கதவு எண், தெருப் பெயர் எதுவும் வேண்டாம். குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருக்கிறோம் என்று நேரலையில் சொல்வது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதாகும். குழந்தையின் பெயரோடு பள்ளியையும் வகுப்பையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். பெண்களின் வயதை அவர்களைக் கேட்காமல் சொல்லாதீர்கள். மேலே எழுபது வயதென்று எழுதியதற்கு அந்த அப்பத்தாவின் மருமகளிடம் ஒப்புதல் வாங்கினோம். திருமணமாகாத ஒருவரின் பெயரைக் குறும்புக்காகவோ காதலுக்காகவோ வானொலியில் சொல்வது, சிற்றூர்களில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய தொல்லையாக முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை. வாழ்த்துவோர் பட்டியலில் அண்மையில் காலமானவர் பெயர் பழைய நினைவில் இடம்பெற்றுவிடாமல் ஒருமுறை சரிபாருங்கள். கட்சி, சாதிப் பட்டம், கடையின் பெயர் ஆகியவற்றை எழுதினால் நிலையத்தில் வெட்டிவிடுவார்கள், அல்லது அட்டையையே ஒதுக்கிவிடுவார்கள்.

அவரைக் கேட்க வைப்பது

எல்லாம் சரியாக முடிந்தபின் எஞ்சியிருப்பது, உரியவரை உரிய நேரத்தில் வானொலியின் பக்கத்தில் உட்கார வைப்பது. முன்பே சொல்லிவிட்டால் வியப்பு போய்விடும். சொல்லாவிட்டால் அவர் ரேஷன் கடைக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே வீட்டுக்குள் ஒரு கூட்டாளி வேண்டும். முந்தைய இரவே பெட்டிக்குப் புது பேட்டரி போடுவது, காலையில் நிலையத்தை வைத்துவிடுவது, அந்த அரை மணி நேரம் கீரை ஆயவோ பூக்கட்டவோ கொடுத்து அவரை உட்கார வைப்பது ஆகியவை அந்தக் கூட்டாளியின் பொறுப்பு. இன்னொரு அலைபேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்வதும் அவருடையதே. பதிவை வீட்டுக் குழுவில் பகிர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடலோடு சேர்த்து யூடியூபில் ஏற்றினால் பதிப்புரிமைக் காரணத்தால் அதை எடுத்துவிடக்கூடும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். இங்கே காலை ஏழு மணி என்றால் துபாயில் ஐந்தரை, சவூதியிலும் கத்தாரிலும் குவைத்திலும் நாலரை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒன்பதரை. வளைகுடாவில் இருக்கும் மகனுக்குக் காலை நிகழ்ச்சியைவிட இரவு நிகழ்ச்சியே பொருந்தும். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். இங்கே வானொலியில் கேட்டுவிட்டு உடனே "கேட்டாயா?" என்று அழைத்தால், அவருடைய செயலியில் அந்த வாழ்த்து அப்போதுதான் தொடங்கியிருக்கும், உங்கள் அழைப்பே அதை நிறுத்திவிடும். பாட்டு முடியும்வரை பொறுங்கள்.

என் தாயாருக்கு நான் அனுப்பிய முதல் அட்டை ஒலித்தபோது அவர் வீட்டில் இல்லை. எனக்குக் கூட்டாளி வைக்கத் தெரியாத காலம் அது. தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போயிருந்தார். வாழ்த்தைக் கேட்டது அங்கே இருந்த டீக்கடைக்காரர். வரிசையில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து, "ஆத்தா, ஒங்க பேரை ரேடியோவுல சொல்லுறாங்க" என்று கூவியிருக்கிறார். தாயார் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடியபோது பாட்டின் கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பத்து நாள், மறுபடியும் சொன்னாலும் சொல்வார்கள் என்று அதே நேரத்துக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வாழ்த்து வரவில்லை என்றால் சண்டைக் கடிதம் எழுதாதீர்கள். வந்த அட்டைகள் கூடுதலாக இருந்திருக்கலாம், தேதி பிந்தியிருக்கலாம். அடுத்த விசேஷத்துக்கு இன்னும் ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள். வந்துவிட்டால், அன்றே இன்னோர் ஐம்பது காசு அட்டையில் நன்றி எழுதி, நிகழ்ச்சியின் பெயர், தேதி, எந்த ஊரில், எந்த அலைவரிசையில் கேட்டீர்கள், ஒலி தெளிவாக இருந்ததா கரகரத்ததா என்பதைக் கீழே குறித்து அனுப்பிவிடுங்கள்.